எதால் வகுப்பது?

அரியலூர் வட்டாரத்தில் சிமென்ட் ஆலைகள் நெருக்கமாக நிற்கக் காரணம், அங்கே மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். அதை அரைத்து 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூளையில் சுட்டால் சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கர் கிடைக்கும். நிலக்கரிப் புகை ஒருபுறம் இருக்க, சூடேறிய கல்லே தன்னுள் அடங்கியிருந்த கரியமில வாயுவை வெளியே விடுகிறது. ஒரு டன் கிளிங்கருக்கு இப்படி வருவது ஏறத்தாழ அரை டன். சூரிய மின்சாரம் வந்தாலும் புதுச்சூளை கட்டினாலும் இது குறையாது.

ஆகவே ஓர் ஆலையின் கார்பன் திறனை அளக்கும்போது, உமிழ்வை எதால் வகுக்கிறோம் என்பதே முக்கியம். ஒரே மாதிரிச் சூளை உள்ள இரண்டு ஆலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 95 சதவீதம் கிளிங்கர் கொண்ட சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் (ஓ.பி.சி.) விற்கிறது. மற்றது அனல்மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் கலந்து போர்ட்லண்ட் போசலானா சிமென்ட் (பி.பி.சி.) விற்கிறது. கிளிங்கர் டன்னால் வகுத்தால் இரண்டும் சமம். சிமென்ட் டன்னால் வகுத்தால், கல்லிலிருந்து வரும் வாயு முதல் ஆலையில் சுமார் 500 கிலோ. இரண்டாவதில் 300 கிலோவுக்குச் சற்று மேல். வீடு கட்டுபவர் வாங்குவது சிமென்டைத்தான். எனவே இரண்டாவது கணக்கே நியாயம் என்பேன்.

துறைகளை ஒப்பிடும் ஆய்வுகள் பல, உற்பத்தியின் ரூபாய் மதிப்பால் வகுக்கின்றன. இது ஆபத்தான வழி. சிமென்ட் விலை ஏறிய ஆண்டில், ஒரு கிலோ வாயுகூடக் குறையாமலே ஆலையின் திறன் கூடியதாகக் கணக்கு சொல்லும்.

இந்தியாவில் ஆலைகளுக்கு எரிசக்திச் சிக்கன இலக்கு வைத்து 2012-இல் தொடங்கிய ‘பாட்’ (Perform, Achieve and Trade) திட்டம், டன் உற்பத்திக்குச் செலவான எரிசக்தியை அளந்தது. எரிபொருளை மிச்சப்படுத்த அது உதவியது. ஆனால் கல் விடும் வாயு அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வர்த்தகத் திட்டம்தான் டன் உற்பத்திக்கான உமிழ்வையே அளவுகோலாக்கியது. தாமதம்தான் என்றாலும் சரியான திருத்தம்.

அலுமினியத்தில் சிக்கல் வேறு. ஒரு டன் உருக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அது நிலக்கரி மின்சாரமானால் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு. மின்நிலையத்தைக் கணக்குக்கு வெளியே நிறுத்தினால் அழுக்கான ஆலையும் சுத்தமாகத் தெரியும்.

எஃகில் இரும்புத்தாதுவை உருக்கும் ஊதுலையையும், பழைய இரும்பை உருக்கும் மின் உலையையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்கும் குறைவாகக் கரியமில வாயு உமிழ்ந்தால் ‘பசுமை எஃகு’ என்று மத்திய அரசு 2024 டிசம்பரில் வரையறுத்தது. பழைய இரும்பு கிடைப்பதோ அளவோடுதான். அது கிடைத்த ஆலை முந்துவதை உலையின் திறமை என்று எண்ணிவிடக் கூடாது. எவ்வளவு பழைய இரும்பு போட்டார்கள் என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

சிமென்ட் மூட்டையில் வகையும் தயாரித்த வாரமும் அச்சாகின்றன. கிளிங்கர் எத்தனை சதவீதம், ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்று இன்னும் இரண்டு வரி அச்சிட இடம் இருக்கிறது. அதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.