மைனஸ் 20-ல ஒரு பழைய டோசர்

போன எபிசோட்ல டேட்டா சென்டர் கூலிங் பத்திப் பேசினோம்ல, அதைக் கேட்டுட்டு என் மாமா போன் பண்ணார். "டேய் மாப்ள, மெஷின் சூடாகுது சூடாகுதுன்னு ஒரு மணி நேரம் பேசுற. சூடாகவே மாட்டேங்குதேன்னு நாங்க அழுதிருக்கோம், அதைப் பேசு"ன்னார். சரி நீங்களே சொல்லுங்க மாமான்னு உட்கார வெச்சேன். இந்த எபிசோட் அதுதான்.

மாமா லடாக்ல ஒரு ரோடு காண்ட்ராக்டர்கிட்ட செயின் டோசர் ஓட்டினவர். ஒன்பது குளிர்காலம். லே ஊரே கடல் மட்டத்துல இருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்துல இருக்கு. ஜனவரி ராத்திரில மைனஸ் 15, மைனஸ் 20 எல்லாம் அங்க சாதாரணம். பனி விழுந்தா விடியறதுக்குள்ள ரோட்டைத் திறக்கணும். வண்டிங்களோ பழசு. சென்சார் கிடையாது, எரர் கோட் கிடையாது. ஸ்டார்ட் ஆகலைன்னா ஏன்னு அதுவா சொல்லாது.

முதல்ல ஒரு விஷயம். டீசல் என்ஜின்ல ஸ்பார்க் பிளக் இல்லை. காத்தை அமுக்கி அமுக்கி அது சூடாகி, அந்தச் சூட்டுலதான் டீசல் தீப்பிடிக்குது. நான் சும்மா பேப்பர்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன். 17-க்கு 1 கம்ப்ரஷன், வெளிய 30 டிகிரின்னா, உள்ள காத்து 500 டிகிரியைத் தாண்டுது. வெளிய மைனஸ் 20-ன்னா? அப்பவும் 400-ஐத் தாண்டுது. டீசல் தானா பத்திக்க 250 டிகிரிக்குள்ளயே போதும். அப்ப ஸ்டார்ட் ஆகணுமே?

மாமா சிரிச்சார். "உன் பேப்பர்ல இரும்பு எங்கடா இருக்கு?"

அதுதான் மேட்டர். என் கணக்குல சூடு எங்கயும் போகலை. நிஜத்துல, காத்தைச் சுத்தி நூறு நூறு கிலோ ஜில்லுனு இருக்கிற இரும்பு. அமுக்கின சூட்டை அது உறிஞ்சிடும். பழைய என்ஜின்னா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும், அந்த வழியா காத்தே கசியும். செல்ஃப் மெதுவா சுத்தினா கசியறதுக்கும் ஆறுறதுக்கும் இன்னும் டைம் கிடைக்கும். செல்ஃப் ஏன் மெதுவா சுத்துது? ஆயில் தேன் மாதிரி கெட்டியாயிடுச்சு. அதே குளிர்ல பேட்டரியோட பலமும் பாதிக்குப் பக்கத்துல இறங்கிடுச்சு. தேவை ஏறுற அதே நேரத்துல சப்ளை இறங்குது. இதுபோக அந்த உயரத்துல காத்தழுத்தமே நம்ம ஊர்ல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான்.

அடுத்தது டீசல். டீசலுக்குள்ள மெழுகு கரைஞ்சிருக்கு. குளிர்ல அது குட்டிக் குட்டித் துகளா பிரியும். டேங்க்ல டீசல் இன்னும் தண்ணி மாதிரிதான் இருக்கும், ஆனா ஃபில்டர் அடைச்சிரும். அதனாலதான் சில வண்டி ஸ்டார்ட் ஆகி அஞ்சு நிமிஷத்துல நின்னு போகுது. 2019 நவம்பர்ல இந்தியன் ஆயில் லடாக் மாதிரி இடங்களுக்காக மைனஸ் 33 டிகிரி வரைக்கும் ஓடுற டீசலைக் கொண்டு வந்தாங்க. மாமா அதுக்கு முன்னாடியே ஊருக்கு வந்துட்டார். அவர் காலத்துல டீசல்ல மண்ணெண்ணெய் கலந்தாங்க. வேலை செய்யும். ஆனா டீசல் பம்ப்புக்குள்ள உரசுற பாகங்களுக்கு டீசல்தான் எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு கம்மி. இன்னிக்கு ஸ்டார்ட் ஆகும், ரெண்டு சீசன் கழிச்சு பம்ப் தேஞ்சு நிக்கும்.

மாமாவோட வலது கை மணிக்கட்டுல இருந்து முழங்கை பாதி வரைக்கும் ஒரு தழும்பு. சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன், கேட்டதே இல்லை. இந்தத் தடவை கேட்டேன்.

ஒரு காலைல டோசர் எழுந்திருக்கலை. பக்கத்துல இருந்த பழைய லோடரையாவது ஸ்டார்ட் பண்ணலாம்னு போயிருக்கார். ரோட்டுல வண்டிங்க வரிசையா நிக்குது, சூப்பர்வைசர் பின்னாடி நின்னு வாட்ச்சைப் பார்க்கிறார். மாமா ஈத்தர் ஸ்ப்ரேயை எடுத்து காத்து உள்ள போற குழாய்ல அடிச்சார். ஈத்தர் 200 டிகிரிக்குக் கீழயே பத்திக்கும், அதனாலதான் அதை வெச்சு ஸ்டார்ட் பண்றாங்க. ஆனா அந்த லோடர்ல உள்ள போற காத்தைச் சூடாக்க குழாய்லயே ஒரு ஹீட்டர் காயில் இருந்துச்சு. ஹெல்பர் ஏற்கெனவே அதை ஆன் பண்ணி வெச்சிருந்தான். மாமாவுக்குத் தெரியாது.

"சத்தம் கூட பெருசா இல்ல மாப்ள. புஸ்ஸுன்னு ஒரு நெருப்பு வெளிய வந்துச்சு, அவ்வளவுதான்."

குளோ பிளக்கோ ஹீட்டரோ இருக்கிற என்ஜின்ல ஈத்தர் அடிக்கவே கூடாது. இல்லாத என்ஜின்லயும் கொஞ்சமா, செல்ஃப் சுத்திட்டு இருக்கும்போது மட்டும்தான். அதிகமா போனா பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சு, ரிங்கையோ பிஸ்டனையோ உடைச்சிடும்.

கை ஆறி திரும்பி வந்ததும் மாமா செஞ்ச முதல் மாற்றம், காலை வேலையைச் சாயங்காலத்துக்கு மாத்தினதுதான். வேலை முடிஞ்சதும் டேங்க்கை ஃபுல் பண்ணிடுவார். காலி இடம் இருந்தா அதுல இருக்கிற ஈரக் காத்து ராத்திரி தண்ணியா படியும், அது டீசல் லைன்ல ஐஸ் ஆகும். ஃபில்டர் அடியில தேங்கின தண்ணியை அது உறையறதுக்கு முன்னாடி வடிச்சிடுவார். செயின்ல ஒட்டின சேறைத் தட்டி, வண்டியைப் பலகை மேல ஏத்தி நிறுத்துவார். இல்லைன்னா காலைல செயின் தரையோட உறைஞ்சு நிக்கும். பேட்டரியைக் கழட்டி, தூங்குற ரூமுக்கே கொண்டு போயிடுவார். முழுசா சார்ஜ் ஆன பேட்டரி மைனஸ் 50-லயும் உறையாது. சார்ஜ் இறங்கினது மைனஸ் 10-லயே உறைஞ்சு வெடிக்கலாம்.

கூலன்ட்ல எனக்கு ஒரு ஆச்சரியம். கிளைக்காலும் தண்ணியும் பாதிப் பாதி கலந்தா மைனஸ் 37 வரைக்கும் உறையாது. பயந்துபோய் தண்ணியே கலக்காம சுத்தமா கிளைக்கால் ஊத்தினா? மைனஸ் 13-லயே உறைய ஆரம்பிக்கும்.

கேம்ப்ல ஜெனரேட்டர் ஓடுற நாள்னா பிளாக் ஹீட்டர் போடுவாங்க. என்ஜின் கூலன்ட்டைச் சூடாக்குற கரன்ட் ஹீட்டர் அது. ஸ்டார்ட் பண்றதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி போட்டா இரும்பே சூடாயிடும், பாதிப் பிரச்சினை அங்கயே முடிஞ்சுது. ஜெனரேட்டர் இல்லாத நாள்ல கொதிக்கிற தண்ணியில துணி நனைச்சு டீசல் ஃபில்டரைச் சுத்திக் கட்டுவாங்க. டேங்க் அடியில தீ மூட்டுற பழக்கமும் உண்டு. தழும்பு வந்தப்புறம் மாமா அந்தப் பக்கமே போகலை.

இதைத் தேடும்போது ஒரு சூப்பர் விஷயம் கிடைச்சுது. பழைய கேட்டர்பில்லர் டோசர்கள்ல பெரிய டீசல் என்ஜினை ஸ்டார்ட் பண்ணவே தனியா ஒரு குட்டி பெட்ரோல் என்ஜின் இருக்கும், அதுக்குப் பேரு போனி மோட்டார். ரெண்டுக்கும் ஒரே கூலன்ட். அதனால குட்டி ஓட ஓட பெரிசும் சூடாகும். நம்ம பாஷைல பூட்லோடர். மாமாகிட்ட சொன்னா, "அதையும் யாராவது ஸ்டார்ட் பண்ணணும்ல"ன்னார்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கக் கூடாது. ஆயில் இன்னும் மேல ஏறியிருக்காது, முதல்ல ஆயில் பிரஷர் காட்டணும். அதுக்காக மணிக்கணக்கா ஐட்லிங்லயும் விடக் கூடாது, சரியா எரியாத டீசல் இறங்கி ஆயிலை நீர்க்க வெச்சிடும். ஹைட்ராலிக் ஆயிலும் கெட்டியா இருக்கும். பிளேடை மெதுவா ரெண்டு மூணு தடவை ஏத்தி இறக்கிட்டுத்தான் வேலை. அவசரப்பட்டா பம்ப் போயிடும்.

உங்கள்ல சிலர் டிசம்பர்ல டீசல் கார்ல லே பக்கம் போகப் பிளான் பண்றீங்க, மெசேஜ் பார்த்தேன். கீழ சமவெளில டேங்க்கை ஃபுல் பண்ணிட்டு மேல போகாதீங்க. குறைச்சலா எடுத்துட்டுப் போய், மேல இருக்கிற பங்க்ல அந்த ஊர் டீசலைப் போடுங்க. ஆன்டி-ஜெல் ஊத்தறதா இருந்தா உறையறதுக்கு முன்னாடி ஊத்துங்க, மெழுகு பிரிஞ்சப்புறம் அது கரைக்காது. மாமா நம்பர் கேட்காதீங்க, அவர் தர மாட்டார்.