மெருகிட்ட கல்லில் தங்கும் சாணைத் தூள்

கொல்கத்தாவில் புனித யோவான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னோக் என்பாரின் கல்லறை உள்ளது. அதன்மீதுள்ள கருநிறக் கற்பலகை வங்காளத்துக் கல் அன்று. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் கிடைக்கும் இனத்தைச் சேர்ந்தது. இந்திய நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலந்து இதனை ஆராய்ந்து, 1893-ஆம் ஆண்டில் இப்பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார்.

இத்தகைய பாறைகளின் உள்ளமைப்பை அறிய வேண்டின், அவற்றை 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள சீவலாகத் தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் ஒளி ஊடுருவப் பார்த்தல் வேண்டும். 1851-இல் நிறுவப்பெற்று, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள அத்துறையில் இது அன்றாடப் பணி. கூழாங்கற்களை உருளைப் பீப்பாயில் இட்டுச் சுழற்றி மெருகேற்றும் பள்ளி ஆசிரியரும் இதே வேலையைச் சற்றுக் கரடாகச் செய்கின்றார் எனலாம். இருவருக்கும் தொல்லை ஒன்றே. தேய்க்கப் பயன்பட்ட தூள், கல்லின் குழிகளிலும் வெடிப்புகளிலும் புகுந்து தங்கிவிடுகின்றது.

முற்காலத்தில் தேய்ப்பதற்குக் குருந்தக்கல் தூளே பயன்பட்டது. ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற சொல் நம் குருந்தத்தின் திரிபே என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். இன்று பெரும்பாலும் பயன்படுவது, கார்போரண்டம் என்ற பெயரால் அறியப்படும் சிலிக்கன் கார்பைடு. எட்வர்டு ஆச்சிசன் என்ற அமெரிக்கர் இதனை 1891-இல் மின்னுலையில் ஆக்கினார். மோஸ் அளவையில் படிகக்கல்லின் கடினம் 7. இதன் கடினமோ 9-க்கும் மேற்பட்டது.

தங்கிய தூள் அழகைக் கெடுப்பதோடு நின்றால் குற்றமில்லை, அறிவையும் ஏமாற்றும். அரிசோனாவில் விழுந்த விண்கல் ஒன்றில் சிலிக்கன் கார்பைடு இயற்கையாகவே உள்ளது என்று ஹென்றி மோய்சான் 1904-இல் அறிவித்தார். கல்லைத் தேய்த்த தூளே அதில் கலந்திருக்குமோ என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. அப்பொருள் இயற்கையிலும் உண்டு என்பது பின்னர் உறுதியாயிற்று என்றாலும், ஐயுற்றவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

சார்னோக்கைட் போன்ற இறுகிய பாறைகளில் தூள் புக இடம் குறைவு. ராஜ்மகால் குன்றுகளில் காணப்படும் குமிழித் துளைகள் கொண்ட எரிமலைப் பாறையும், செம்பூரான் கல்லும் இதற்கு நேர்மாறானவை. ஆகவே உருளைப் பீப்பாய்க்குக் கல் தெரிந்தெடுக்கும்போதே துளையும் வெடிப்பும் உள்ளவற்றை விலக்கிவிடுவது பாதி வேலையை மிச்சப்படுத்தும். ஆய்வுக்கூடங்களில் துளையுள்ள பாறையைத் தேய்க்கும் முன்பே எபாக்சிப் பிசினை ஊட்டித் துளைகளை அடைத்துவிடுகின்றனர்.

தூளை நீக்குவதில் முதல் விதி, கல்லை உலரவிடாதிருத்தல். ஈரமாக இருக்கும்வரை சேறு நெகிழ்ந்து கொடுக்கும். உலர்ந்தால் குழிக்குள் கட்டியாக இறுகிவிடும். பீப்பாயிலிருந்து எடுத்த கற்களை உடனே நீரில் அலசி, சவர்க்காரம் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். பின்னர்ப் பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம். குழிகளைக் குடைவதற்குத் தென்னை ஈர்க்கோ மூங்கிற் சிம்போ ஏற்றது. இரும்பு ஊசி மென்மையான கல்லில் கீறலிடும், கடினமான கல்லில் உலோகக் கறையை விட்டுச் செல்லும். அதன்பின் கற்களைக் கழுவிய பீப்பாயில் இட்டு, சீவிய சவர்க்காரமும் நீரும் சேர்த்துச் சில மணி நேரம் சுழற்றினால் எஞ்சியதில் பெரும்பகுதி வெளியேறும். பீப்பாயின் மூடி விளிம்பையும் துடைக்க மறத்தலாகாது. 80-ஆம் எண் தூளின் ஒரு துகள் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இருக்கும். அத்தகைய ஒன்று விளிம்பில் ஒட்டியிருந்து மெருகுத் தூளோடு கலந்தாலும் ஒரு வாரத்து உழைப்பு வீணாகும்.

வசதியுள்ள ஆய்வுக்கூடங்களில் மீயொலித் தொட்டி உண்டு. நீரில் எழும் நுண்குமிழிகள் வெடித்து, துலக்கி எட்டாத இடத்திலுள்ள தூளையும் அசைத்துவிடும். வெடிப்புள்ள கல்லை அதில் இட்டால் வெடிப்பு விரியக்கூடும்.

அமிலத்தில் இட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. சிலிக்கன் கார்பைடு சாதாரண அமிலங்களில் கரையாது. கல்லில் கால்சைட் இருப்பின் அமிலம் கல்லை அரித்துவிட்டுத் தூளை அப்படியே விட்டுவைக்கும். பள்ளியில் இச்சோதனை வேண்டா. உலர்ந்த தூளை ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ அகற்றுவதும் தீது. குஜராத்தின் காம்பே பகுதியில் அகேட் கல் தேய்ப்போர், கல்தூசியால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாகியுள்ளனர். எப்போதும் நனைத்தே வேலை செய்க.

கல் தூய்மையாயிற்றா என்பதை ஈரத்தில் அறிய முடியாது. நீர் தூளை மறைத்துவிடும். நன்கு உலர்த்தி, பத்து மடங்கு பெருக்கும் வில்லையால் நோக்கினால் குழிகளில் சாம்பல் நிறப் பொட்டுகள் தெரியும். எம்முறையாலும் அவை போகாவிடில், கல்லை முதற் கட்டத் தூளுக்கே திருப்பி, குழி மறையும் வரை தேய்ப்பதுதான் வழி.

நுண்ணோக்கிச் சீவலில் ஐயம் எழுந்தால் துகள் கிடக்கும் இடத்தை நோக்குக. சாணைத் துகள் கூரிய முனைகளோடு, சுற்றியுள்ளவற்றினின்றும் துருத்தி நிற்பது போல் தோன்றும். துளைகளிலும், வெடிப்புகளிலும், பாறையின் எல்லைக்கு வெளியே ஒட்டுப் பிசினிலும் அது காணப்படும். ஒரு கனிமத்தின் உள்ளே முழுதும் அடைபட்டு இராது. பாறைக்கு வெளியிலுள்ள பிசினிலும் அதே துகள் தென்பட்டால், கனிமப் பட்டியலில் அதனைச் சேர்க்காமல் சீவலை மீண்டும் புதிதாகத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

கழுவிய சேற்றைச் சாக்கடையில் ஊற்றற்க. அது குழாயில் படிந்து காரைபோல் இறுகும். தோட்டத்தில் ஒரு குழி தோண்டி அதில் கொட்டி மூடுக.