ஓடையை நம்பி வாழும் காட்டுச் சாதிக்காய் மரம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கு அடிவாரத்தில், பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலுள்ள பள்ளத்தாக்குகளில், ஓடைநீர் விரைந்து வடியாமல் ஆண்டின் பெரும்பகுதியும் தேங்கி நிற்பதால் உருவாகும் நன்னீர்ச் சதுப்புக் காடுகளே, சாதிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த மிரிஸ்டிகா மேக்னிஃபிகா மரத்தின் தாயகமாகும். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இம்மரம், அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது.

நீரில் ஊறிய சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு என்பதால், இம்மரத்தின் அடித்தண்டிலிருந்து தாழையின் வேர்களைப் போல முட்டு வேர்கள் சரிந்திறங்கி மரத்தைத் தாங்குவதோடு, பட்டைத்துளைகள் எனப்படும் நுண்திறப்புகளின் வழியே காற்றையும் உள்வாங்குகின்றன. அருகிலேயே வளரும் ஜிம்னாக்ராந்திரா கனரிகா என்னும் உறவு மரமோ, மண்ணிலிருந்து வளைந்தெழுந்து மீண்டும் மண்ணுக்குள் புகும் முழங்கால் வேர்களால் மூச்சுவிடுகிறது.

ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனி மரங்களில் பூப்பதால், காய்ப்பதற்கு இருவகை மரங்களும் அருகருகே இருந்தாக வேண்டும். பத்திரி போர்த்திய பெரிய விதைகளை இருவாட்சிப் பறவைகள் பரப்புகின்றன. கீழே விழுந்தவற்றைச் சதுப்பு நண்டுகளும் இழுத்துச் செல்கின்றன. உலர்ந்துவிட்டால் முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும் இவ்விதைகளை, நெல் விதையைப் போல உலர்த்திச் சேமித்து வைக்க இயலாது.

இச்சதுப்புகளை 1960-ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து கிருஷ்ணமூர்த்தி முதன்முதலில் விவரித்தார். செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், கொல்லம் மாவட்டத்துக் குளத்துப்புழை, அஞ்சல், செந்துருணி வனப்பகுதிகளில் இவை சிறு திட்டுகளாக எஞ்சியுள்ளன; கேரளத்தில் இவற்றின் மொத்தப் பரப்பே சுமார் 1.5 சதுர கிலோமீட்டர்தான். வடக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, உத்தர கன்னட மாவட்டத்தின் கத்தலேகானிலும், மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் இம்மரம் மீண்டும் தென்படுகிறது. சிந்துதுர்க்கின் பாம்பர்டே சதுப்பு, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

நீர்வளமும் வண்டலும் நிறைந்த இப்பள்ளத்தாக்குகள் நெல்லுக்கும் பாக்குக்கும் ஏற்றவையாக இருந்ததால், சதுப்புகள் பல வடிக்கப்பட்டு வயல்களாகவும் தோப்புகளாகவும் மாறின. மரத்தை வெட்டாமல் விட்டாலும், மேலே ஓடையின் போக்கைத் திருப்பிவிட்டால் கீழே அதன் கன்றுகள் பிழைப்பதில்லை. ஆகவே மரங்களைச் சுற்றி வேலியிடுவதோடு நில்லாமல், ஓடை தோன்றும் சரிவிலிருந்து அது தேங்கும் பள்ளம் வரையிலான நீர்வழி முழுவதையும் ஒன்றாகக் காப்பதே இவ்வினம் நிலைப்பதற்கான வழியாகும்.