மின்மினிகளுக்குத் தாளம் போடுவது யார்?

கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற ஆசிரியர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். இருட்டில் சம்பான் மெதுவாக நகரும். ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள். ஒரு மரம் முழுக்க மின்மினிகள், எல்லாம் ஒரே நேரத்தில் மின்னும், ஒரே நேரத்தில் அணையும். கொஞ்ச நேரம் வாய் பிளந்து பார்த்துவிட்டு யாராவது ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார்: "அதுங்களுக்கு யாரு டீச்சர் சிக்னல் குடுக்குறா?"

சாதாரணக் கேள்வி இல்லை இது. உயிரியலாளர், கணிதவியலாளர், பொறியியலாளர் என்று பலரும் இதே கேள்வியை ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். சிக்கலான ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கை ஒவ்வொரு துறையும் எப்படித் தேடுகிறது, தேடும்போது எதை வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குப் பக்கத்தில் கிடைக்காது.

தென்கிழக்காசியாவுக்கு வந்த மேலைநாட்டுப் பயணிகள் இந்த மின்மினிகளைப் பற்றி எழுதியபோது பலர் நம்பவே இல்லை. 1917இல் 'சயன்ஸ்' இதழில் ஒருவர், பூச்சிகள் சேர்ந்து மின்னவில்லை, பார்ப்பவரின் கண்ணிமைதான் துடிக்கிறது என்று விளக்கம் எழுதினார்! சிரிப்பு வரலாம். ஆனால் அவர்களுடைய தயக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஆயிரம் பேர் ஒரே தாளத்தில் இயங்க வேண்டுமென்றால் தாளத்தைப் பிடித்துக் கொடுக்க ஒருவர் வேண்டுமே. உறுமி மேளக் குழுவில் அப்படித்தானே நடக்கிறது? மின்மினிக் கூட்டத்தில் அப்படி ஒரு தலைவரைக் காணோம்.

1960களில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற உயிரியலாளர் தம்பதி தாய்லாந்துக்கு வந்தனர். மின்மினிகளைப் பிடித்து வந்து பேங்காக்கில் தங்கியிருந்த ஹோட்டல் அறையை இருட்டாக்கி அங்கே பறக்கவிட்டனர். முதலில் எல்லாம் தாறுமாறாக மின்னின. பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு ஒன்றாக மின்னத் தொடங்கின. அப்புறம் மூன்று, நான்கு என்று சேர்ந்துகொண்டன. தலைவர் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. தலைவர் இருந்தால் ஒழுங்கு ஓர் இடத்திலிருந்து பரவியிருக்கும். இங்கே அது ஆங்காங்கே முளைத்தது. பின்னர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்மினிக்குச் செயற்கை ஒளியைக் காட்டிப் பார்த்தார்கள். அது தன் அடுத்த மின்னலின் நேரத்தை மாற்றிக்கொண்டது. ஆக, ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பக்கத்துப் பூச்சியின் ஒளியைப் பார்த்து அது தன்னைத் திருத்திக்கொள்கிறது.

அப்படித் திருத்திக்கொண்டே போனால் கடைசியில் எல்லாம் ஒன்றாகிவிடுமா? கூட்டம் இரண்டு மூன்று பிரிவாக உடைந்து நின்றுவிடாதா? இந்தக் கேள்விக்குப் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. இங்கேதான் கணிதம் நுழைகிறது, அதுவும் இதயத்தின் வழியாக. நம் இதயத்தின் துடிப்பைத் தொடங்கி வைப்பது ஏறத்தாழ 10,000 உயிரணுக்கள் கொண்ட ஒரு சிறு பகுதி. அங்கேயும் தலைவர் இல்லை. 1975இல் சார்லஸ் பெஸ்கின் என்ற கணிதவியலாளர் இதற்கு ஒரு மாதிரி அமைத்தார். நீர் விளையாட்டுப் பூங்காவில் தலைக்கு மேல் தொங்கும் பெரிய வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறையும், நிறைந்ததும் கவிழும், மறுபடி நிறையும். இப்படிப் பல வாளிகள். ஒன்று கவிழும்போது தெறிக்கும் நீர் மற்ற வாளிகளில் கொஞ்சம் விழுகிறது. நிறையப் போகிற வாளி அதனால் சற்று முன்னதாகவே கவிழ்கிறது. ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. வாளி முதலில் வேகமாக நிறைய வேண்டும், விளிம்பை நெருங்க நெருங்க வேகம் குறைய வேண்டும். இரண்டு வாளிகள் ஒன்றாகிவிடும் என்று பெஸ்கின் நிறுவினார். எத்தனை வாளிகள் இருந்தாலும், எப்படித் தொடங்கினாலும் அநேகமாக எப்போதும் ஒன்றாகிவிடும் என்று ரெனாட்டோ மிரொல்லோவும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்சும் 1990இல் நிறுவினார்கள். சமன்பாட்டுக்கு அது இதயமா, மின்மினியா என்ற கவலையே இல்லை.

ஆனால் அந்த நிறுவலில் எல்லா வாளிகளும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொன்றின் தெறிப்பும் மற்ற எல்லாவற்றையும் எட்டும். உண்மையான மின்மினிகள் அப்படியா? ஒன்று சோம்பேறி, ஒன்று சுறுசுறுப்பு. இலைக்குப் பின்னால் இருப்பது தெரியாது. கணிதவியலாளர்களுக்கும் இது தெரியும். அதை ஒதுக்கி வைத்ததால்தான் நிறுவ முடிந்தது.

தமிழாசிரியர்களுக்கு இது புதிதல்ல. 'தாமரை போன்ற முகம்' என்று சொல்லிக்கொடுக்கும்போது பொதுத்தன்மை எது என்று கேட்கிறோம். முகத்துக்குத் தண்டு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. அறிவியல் மாதிரியும் ஓர் உவமைதான். பொதுத்தன்மை எதுவரை பொருந்துகிறது என்று பார்க்காமல் விட்டால்தான் வம்பு.

லண்டனில் மில்லேனியம் பாலத்தின் கதை அதற்குச் சரியான பாடம். 2000ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி திறந்தார்கள். மக்கள் நடக்க நடக்கப் பாலம் பக்கவாட்டில் ஆடியது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல்தான் மறுபடி திறந்தார்கள். நடப்பவர்களின் காலடிகள் மின்மினிகளைப் போல ஒன்றுசேர்ந்ததால் ஆடியது என்ற விளக்கம் எங்கும் பரவியது. கேட்க அழகாகவும் இருந்தது. 2021இல் வந்த ஓர் ஆய்வு, ஆட்டம் தொடங்குவதற்குக் காலடிகள் ஒன்றுசேர வேண்டிய அவசியமே இல்லை என்று காட்டியது. ஒவ்வொருவரும் விழாமல் இருக்கத் தம் காலடியை மாற்றி வைக்கிறார்கள். அதுவே பாலத்துக்கு ஆற்றலைக் கொடுத்துவிடுகிறது. வெளியில் தெரியும் ஒற்றுமை ஒன்று, உள்ளே இருக்கும் காரணம் வேறு.

சூழலியலாளரிடம் கேட்டால் அவர் தாளத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார். மரத்தைப் பற்றிப் பேசுவார், மண்ணைப் பற்றிப் பேசுவார். மின்மினியின் இளம்புழு மரத்தில் வாழ்வதில்லை. ஆற்றங்கரையை அடுத்த ஈரமான நிலத்தில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையைச் சுத்தம் செய்து செம்பனை நட்டாலோ, பிரகாசமான விளக்குகளைப் போட்டாலோ மின்மினி குறையும். பெஸ்கினின் சமன்பாட்டில் மரம் இல்லை, நத்தையும் இல்லை. மின்மினிகள் எல்லாம் அழிந்த பிறகும் அந்தச் சமன்பாடு சரியாகவே இருக்கும். மாணவர்களிடம் இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. சுற்றுலா அறிக்கையில் 'அழகாக இருந்தது' என்று எழுதி முடிக்கும் பிள்ளைகளிடம், கணிதம் விட்டுவிட்ட ஒன்றைக் கண்டுபிடித்து எழுதச் சொல்லலாம். அதுதான் உண்மையான உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி.

வகுப்பறையிலேயே செய்து பார்க்க ஒரு நடவடிக்கையும் உண்டு. 2000இல் 'நேச்சர்' இதழில் கைதட்டலைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. கிழக்கு ஐரோப்பிய அரங்குகளில் நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் முதலில் தாறுமாறாகத் தட்டும், பிறகு தானாகவே ஒரே தாளத்துக்கு வரும். எப்போது தெரியுமா? தட்டும் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்போது. வேகமாகத் தட்டும்போது ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம், மெதுவாகத் தட்டும்போது குறைவு. உற்சாகத்தில் மறுபடி வேகம் கூட்டினால் தாளம் உடைந்துவிடும்.

மாணவர்களைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். யாரும் தலைமை ஏற்கக் கூடாது, எண்ணவும் கூடாது. முதலில் முடிந்தவரை வேகமாகத் தட்டிக்கொண்டே ஒன்றுசேர முயற்சி செய்யட்டும். அடுத்து மெதுவாக. இரண்டையும் கைப்பேசியில் பதிவு செய்து, எத்தனை விநாடியில் தாளம் சேர்ந்தது என்று அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். மாறிகளை அவர்களே அடையாளம் காணட்டும். பிறகு பாதிப் பேரின் காதைப் பொத்தச் சொல்லி மறுபடி செய்யலாம். இலைக்குப் பின்னால் இருக்கும் மின்மினி அதுதான். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.