தலைமாட்டு மனோரா: கல்லறைக் கட்டடங்களைப் படித்தல்

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் உள்ள நாகூர் தர்காவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நம்மிடம் இரண்டு வினாக்கள் எழுப்பப்படுகின்றன. "இது பள்ளிவாசலா?" என்பது முதலாவது. "இங்கே அடக்கமாகியிருப்பவர் யார்?" என்பது இரண்டாவது. பள்ளிவாசல் அன்று என்றும், இங்கு யாரும் அடக்கம் செய்யப்படவில்லை என்றும் விடை கூறியதும் மாணவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். "அப்படியானால் எதற்காகக் கட்டினார்கள்?" என்று உடனே மூன்றாவது வினா பிறக்கும். முதல் இரண்டைவிட இதுவே சிறந்த வினா. இதற்கு விடை காண வேண்டுமாயின், கல்லறைக்கு மேல் எழும் கட்டடம் என்பது என்ன, அதன் உறுப்புகள் எதைச் சொல்ல வந்தவை என்பதைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்த்தல் வேண்டும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பள்ளிவாசல் தொழுகைக்கு உரியது. மக்கா நகரின் திசையைக் காட்டும் மாடக்குழியான மிஹ்ராப் அதன் இன்றியமையாத உறுப்பு. தர்கா என்பது பாரசீகச் சொல். அரசவாயில், அரசவை என்ற பொருள்களை உடையது. இறைநேசர் ஒருவர் அடக்கமான இடத்தை இச்சொல்லால் குறிக்கும்போது, அவரை இன்றும் வாழ்பவராகக் கருதி அவர் வாசலில் போய் நிற்கும் பாவனை அதனுள் அமைந்துவிடுகிறது. தமிழ் முஸ்லிம்கள் "இறந்தார்", "புதைக்கப்பட்டார்" என்று கூறாமல் "அடக்கமாகியிருக்கிறார்" என்று நிகழ்காலத்தில் கூறுவதும் அதே பாவனையே. மாணவர் கட்டுரைகளில் தர்கா, மசூதி, சமாதி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்களாக வருவதைப் பார்க்கிறோம். திருத்தப்பட வேண்டிய பழக்கம் அது.

தடையும் விருப்பமும்

கல்லறைமேல் கட்டடம் எழுப்புவது இஸ்லாமிய மரபில் எல்லாரும் ஒப்புக்கொண்ட செயல் அன்று. கல்லறையைக் காரை பூசி உயர்த்துவதையும் அதன்மேல் கட்டுவதையும் தடுக்கும் செய்திகள் நபிமொழித் தொகுப்புகளில் உள்ளன. அவற்றை எவ்வாறு பொருள்கொள்வது என்பதில் அறிஞரிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. முகலாயப் பேரரசர் பாபரின் கல்லறை காபூலில் திறந்த வானத்தின்கீழ் உள்ளது. 1707இல் மறைந்த ஔரங்கசீப்பின் கல்லறை குல்தாபாத்தில் கூரையின்றி, மண்ணும் செடியுமாக இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பளிங்குத் தடுப்பு, பிரிட்டிஷ் ஆட்சியில் கர்சன் பிரபு காலத்தில் சேர்க்கப்பட்டதாகும். எளிமையை விரும்பியவரின் கல்லறைக்கும் பின்வந்தோர் அழகு சேர்க்காமல் இருப்பதில்லை.

மறுபக்கத்தில், பத்தாம் நூற்றாண்டிலேயே மத்திய ஆசியாவின் புகாரா நகரில் சாமானிய அரச குடும்பத்தின் கல்லறை மாடம் எழுந்துவிட்டது. கனசதுரமான அறை, அதன்மேல் அரைக்கோளக் குவிமாடம் என்னும் அமைப்பு அதற்கு. பக்கத்துக்குச் சுமார் பத்து மீட்டர் அளவே உள்ள சிறிய கட்டடம். சுட்ட செங்கல் ஒன்றே அதன் கட்டுமானப் பொருள், அதுவே அணியும்கூட. செங்கற்களைக் கிடையாகவும் நெடுக்காகவும் சாய்வாகவும் வைத்துக் கூடை முடைந்தாற்போன்ற தோற்றத்தைக் கொத்தனார்கள் உண்டாக்கியிருக்கின்றனர். வெயில் நகர நகரச் சுவரின் முகம் மாறும். பிற்காலத்தில் வண்ண ஓடுகளும் பளிங்கும் எவ்வளவோ வந்தன. ஆயினும், செலவில்லாத அலங்காரம் எப்படி இருக்க வேண்டும் என்று நம்மைக் கேட்டால் இந்தச் செங்கல் சுவரையே காட்டுவோம்.

சதுர அறைமீது வட்டக் குவிமாடத்தை அமர்த்துவதில் ஒரு சிக்கல் உண்டு. வட்டத்தின் விளிம்பு சுவர்களின் நடுவில் மட்டுமே படியும், நான்கு மூலைகளிலும் அந்தரத்தில் நிற்கும். எனவே ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கே ஒரு சிறு வளைவை எழுப்பிச் சதுரத்தை எண்கோணமாக்கினர். எண்கோணம் ஏறத்தாழ வட்டமாகிவிடுவதால் குவிமாடம் அதன்மேல் அமர்ந்துவிடும். 1656இல் மறைந்த முகம்மது ஆதில் ஷாவுக்காகப் பீஜப்பூரில் எழுந்த கோல் கும்பஸ் இவ்வழியைப் பெருமளவில் விரித்தது. அங்கே ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் எட்டு வளைவுகள், புறவிட்டம் சுமார் 44 மீட்டர் கொண்ட குவிமாடத்தைத் தாங்குகின்றன. உள்ளே ஒரு தூணும் இல்லை. கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது. ஒரு தாளில் சதுரத்தை வரைந்து, மூலைகளை வெட்டி, எண்கோணத்துக்குள் வட்டத்தைப் பொருத்தச் சொன்னால் போதும்.

இக்கட்டடங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோல் கும்பஸிலும் தாஜ்மகாலிலும், பார்ப்போர் சுற்றிவரும் அலங்காரக் கல்லறை மெய்யான கல்லறை அன்று. உடல்கள் அதற்கு நேர்கீழே நிலவறையில் உள்ளன. தாஜ்மகாலின் மேலறையில் துளைச்சாளரம் போலச் செதுக்கிய எண்கோணப் பளிங்குத் தடுப்பும், வண்ணக் கற்களை இழைத்த பூவேலையும் சூழ்ந்திருப்பது வெறும் கல்லைத்தான். வாயிலைச் சுற்றியுள்ள திருமறை வசனங்களை எழுதிய அமானத் கான், மேலே செல்லச் செல்ல எழுத்தைப் பெரிதாக்கினார். கீழே நிற்பவர் கண்ணுக்கு எல்லா எழுத்தும் ஒரே அளவாகத் தோன்றும். பார்ப்பவர் எங்கே நிற்பார் என்று கணக்கிட்டுச் செய்த வேலை அது. உடல் கீழே, அடையாளம் மேலே என்ற இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொண்டு தமிழகக் கடற்கரைக்கு வருவோம்.

நாகூர்

சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் கட்டிய பழைய கட்டடங்கள் குவிமாடத்தை முதன்மையாகக் கொண்டவை அல்ல. கீழக்கரைப் பழைய பள்ளிவாசலில் கல்தூண்களும் போதிகைகளும் தட்டையான கல்கூரையும் கொண்ட மண்டப அமைப்பைக் காணலாம். கோயில் திருப்பணி அறிந்த கல்தச்சர் மரபுதான் அங்கும் தெரிகிறது. மனித, விலங்கு உருவங்கள் இல்லை. அவ்விடத்தைப் பூவும் கொடியும் கோலமும் நிரப்புகின்றன. வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலமும் அங்கேயே உள்ளது.

நாகூரில் அடக்கமாகியிருக்கும் ஷாகுல் ஹமீது அவர்கள் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். வடஇந்தியாவின் மாணிக்கப்பூரிலிருந்து வந்தவர். கடலோடிகளைக் காப்பவர் என்று மக்கள் அவரைப் போற்றினர். அவர் அடக்கத்தலத்தின்மேல் பொன்வண்ணக் குவிமாடம் உண்டு. ஆனாலும் நாகூர் என்றதும் நினைவுக்கு வருபவை ஐந்து மனோராக்களே. பொதுவாக மனோரா தொழுகை அழைப்புக்கு உரிய பள்ளிவாசல் உறுப்பு. அரபு மூலத்தில் ஒளியோடு தொடர்புடைய சொல். தமிழில் அது கோபுரம் என்ற பொதுப்பொருளையும் பெற்றுவிட்டது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோசி மன்னர் 1814-15இல் மல்லிப்பட்டினம் அருகே கடலோரத்தில் கட்டிய கோபுரத்துக்கும் மனோரா என்றே பெயர். நாகூரின் பெரிய மனோராவைக் கட்டுவித்தவரும் ஒரு தஞ்சை மராட்டிய மன்னர்தான். 131 அடி உயரமுள்ள அதனை எழுப்பியவர் பிரதாப சிங். கந்தூரி விழாவில் இம்மனோராக்களில் கொடியேறும்.

மற்ற மனோராக்களுள் ஒன்றின் பெயர் தலைமாட்டு மனோரா. நம் நாட்டங்கள் பலவற்றுக்கும் தொடக்கமாக அமைந்தது இப்பெயரே. முஸ்லிம்களை அடக்கம் செய்யும்போது முகம் மக்கா நகரை நோக்குமாறு வலப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்துவர். தமிழகத்திலிருந்து அது மேற்குத் திசை. ஆகவே தலை வடக்கிலும் கால் தெற்கிலும் அமையும். தலைமாடு, கால்மாடு என்பவை நாம் பாய்விரித்துப் படுக்கும்போது வழங்கும் வீட்டுச் சொற்கள். வானுயர்ந்த ஒரு கோபுரத்துக்கு அந்த வீட்டுச் சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார்கள். கட்டடம் முழுவதற்கும் திசைகாட்டி, நிலத்தடியில் கிடக்கும் ஓர் உடல்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தெலுக் ஆயர்

தெலுக் என்றால் மலாயில் விரிகுடா, ஆயர் என்றால் நீர். இன்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் அத்தெரு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தூர்க்கப்படும்வரை கரையோரமாகவே இருந்தது. சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் இங்கே தர்காவைக் கட்டினர். சற்றுத் தள்ளி, முதலில் குடிசையாக இருந்தமையால் குச்சுப் பள்ளி எனப்பட்ட அல்-அப்ரார் பள்ளிவாசலும், கடல் தெய்வமான மாசூவுக்குச் சீனர் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயிலும் உள்ளன. கரையேறியவர்கள் நன்றி சொல்லிய தெரு அது.

தர்காவின் முகப்பில் கீழ்ப்பகுதி மேனாட்டுச் செவ்வியல் பாணியைச் சேர்ந்தது. தூண்களும் பெரிய வளைவுக் கதவுகளும் அக்காலத்துக் குடியேற்ற நகரங்களில் எங்கும் காணப்பட்டவை. மேற்பகுதியில் கைப்பிடிச் சுவரும் துளைச்சாளரங்களும் சிறு வளைவுகளுமாகச் சுதைவேலை நெருங்கி நிற்கிறது. மூலைகளில் மனோராக்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. நிலைகளை மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். சிலர் இந்தக் கலப்பைக் குறையாகக் கூறுவதுண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. கீழ்ப்பகுதி கட்டியவர்கள் வந்து சேர்ந்த ஊரையும், மேற்பகுதி அவர்கள் புறப்பட்ட ஊரையும் காட்டுகின்றன.

பினாங்கின் சூலியா தெருவிலும், இலங்கையில் கல்முனையின் கடற்கரைப் பள்ளியிலும் இதே இறைநேசரின் பெயரால் உடலில்லாத நினைவிடங்கள் இருக்கின்றன. நாகூரிலிருந்து இவர்கள் எதை எடுத்துச் சென்றனர் என்பதே நம் வினாவுக்கு விடை. கல்லறை அறையை எடுத்துச்செல்ல இயலாது. கப்பல் கரையைவிட்டு விலகும்போது கடைசியாக மறைவதும், திரும்பும்போது முதலில் தெரிவதும் மனோராதான். தெலுக் ஆயரில் அவர்கள் கட்டியது கடலிலிருந்து பார்த்த நாகூரை என்பது நம் கருத்து. தாஜ்மகாலில் உடலுக்கும் அடையாளத்துக்கும் இடையே இருந்தது ஒரு தளம். இங்கே அது வங்கக் கடலளவு விரிந்துவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் பாமர் சாலையில் உள்ள ஹபீப் நூஹ் அவர்களின் அடக்கத்தலத்துக்கும் செல்ல வேண்டும். 1866இல் மறைந்த அவர் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். மனோரா தேவைப்படவில்லை. குன்றின்மேல் ஏறிச் செல்லும் படிக்கட்டே பார்ப்பவரை உரிய மனநிலைக்குக் கொண்டுசேர்த்துவிடுகிறது.

தெலுக் ஆயர் தர்கா 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பழுதுபார்க்கப்பட்டு, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. உள்ளே காட்சிப்பொருள்களும் விளக்கப் பலகைகளும் உள்ளன. மாணவர்கள் நேரே அவற்றிடம் சென்றுவிடுகின்றனர். உள்ளே அழைத்துச் செல்லுமுன் ஆசிரியர்கள் எதிர்ப்புறத்து நடைபாதையில் அவர்களைச் சற்றுநேரம் நிறுத்தி, முகப்பை ஒரு தாளில் வரையச் சொல்லலாம். வரைந்து முடித்ததும், இம்மனோராக்களுள் எதைத் தலைமாட்டு மனோரா என்று அழைக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள்.