ராட்சத இயந்திரத்தைக் காக்கும் காக்காப்பொன்!

ஆற்று மணலில் பளபளவென்று மின்னும் கல் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நகத்தால் கீறினால் ஏடு ஏடாகப் பிரிந்து வரும். "தங்கம்! தங்கம்!" என்று சிறுவர்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். அதன் பெயர் காக்காப்பொன். மைக்கா என்றும் சொல்வார்கள்.

அது தங்கம் அல்ல. ஆனால் ஊருக்கே மின்சாரம் கொடுக்கும் பெரிய ஜெனரேட்டரின் உயிர், அந்தக் கல்லில்தான் இருக்கிறது!

அது எப்படி?

ஜெனரேட்டரின் நடுவே பெரிய காந்தம் ஒன்று சுழலும். நீராவியால் ஓடும் இயந்திரம் என்றால், அது வினாடிக்கு 50 தடவை சுற்றும். அதைச் சுற்றிலும் இரும்புக் கூடு ஒன்று அசையாமல் நிற்கும். இதற்கு 'ஸ்டேட்டர்' என்று பெயர். இந்த இரும்பில் நீளநீளமாகப் பள்ளம் வெட்டி, உள்ளே தாமிரச் சுருள்களை வைத்திருப்பார்கள். மின்சாரம் பிறப்பது அந்தத் தாமிரத்தில்தான்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். அதைத் தொட்டாலே ஆபத்து. ஸ்டேட்டர் சுருளிலோ 11,000 வோல்ட்! மிகப் பெரிய இயந்திரங்களில் 20,000 வோல்ட்டுக்கும் மேலே இருக்கும்.

சுருளுக்குள் இவ்வளவு மின்சாரம். அதை ஒட்டியே இரும்பு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, சில மில்லிமீட்டர்தான்! அந்த இடத்தில் இருக்கும் உறை கிழிந்தால், மின்சாரம் இரும்பில் பாயும். தாமிரம் உருகும். இரும்பும் வெந்துபோகும். இயந்திரம் மாதக்கணக்கில் படுத்துவிடும்.

"உறையை இன்னும் கனமாகச் சுற்றினால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கம்பளி போர்த்தியவனுக்கு வேர்ப்பதுபோல, கனத்த உறைக்குள் தாமிரத்தின் சூடு தங்கிவிடும். தாமிரத்துக்கு உள்ள இடமும் குறைந்துபோகும். ஆகவே உறை மெல்லியதாகவும் இருக்கவேண்டும், பலமாகவும் இருக்கவேண்டும்.

பருத்தித் துணி, காகிதம் எல்லாம் சூட்டில் கருகிவிடும். காக்காப்பொன் 500 டிகிரிச் சூட்டையும் தாங்கும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு. உறைக்குள் எங்காவது சிறு காற்றுப்பொந்து இருந்தால், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் பறந்துகொண்டே இருக்கும். மற்றப் பொருள்களைக் கரையான்போல அவை அரித்துவிடும். காக்காப்பொன்னை அவ்வளவு சுலபமாக அரிக்க முடியாது.

அரக்கும் தாரும்

ஆதியில் காக்காப்பொன் ஏடுகளைக் காகிதத்தில் ஒட்டிச் சுருளில் சுற்றினார்கள். ஒட்டுவதற்குப் பசை எது தெரியுமா? அரக்கு! முத்திரை வைக்கப் பயன்படும் அதே அரக்குத்தான்.

பிறகு தார் போன்ற கீல் வந்தது. பல வருஷம் அது நன்றாகவே உழைத்தது. இயந்திரங்கள் நீளமாக ஆனபோதுதான் வினை வந்தது.

5 மீட்டர் நீளமுள்ள தாமிரக் கம்பி, 60 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அவ்வளவு நீளாது. இயந்திரத்தை ஓட்டினால் தாமிரம் நீளும், நிறுத்தினால் சுருங்கும். சூட்டில் இளகிய கீல் உறையும் தாமிரத்தோடு இழுபட்டுப் போகும். ஆனால் முழுவதும் திரும்பி வராது! இப்படிப் பல நாள் நடந்தபின், இரும்புக்கூட்டின் ஓரத்தில் உறை விலகி, வளையம்போல வெடிப்பு விழுந்தது. 1940-களில் பெரிய இயந்திரங்களில் கண்ட கோளாறு இது.

1950 வாக்கில் புதிய பசைகள் வந்தன. இன்று பெரும்பாலும் எபாக்சி என்னும் பசையே பயன்படுகிறது. காக்காப்பொன் நாடாவைச் சுருளின்மீது அடுக்கடுக்காகச் சுற்றுவார்கள். அதை ஒரு தொட்டியில் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுப்பார்கள். பின்பு பசையை அழுத்தத்தோடு விடுவார்கள். அது சந்துபொந்தெல்லாம் புகுந்துவிடும். அப்புறம் சூட்டில் வேகவைத்தால் உறை கல்லாக இறுகிவிடும்.

இந்த இறுக்கத்திலும் ஒரு தொல்லை! பழைய கீல் சூட்டில் உப்பிப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். எபாக்சி உப்பாது. சுருள் வினாடிக்கு 100 தடவை அதிரும். ஆப்பு தளர்ந்துவிட்டால், சுருள் இரும்பில் உரசி உரசித் தன் தோலைத் தானே தேய்த்துக்கொள்ளும். ஆகவே இயந்திரத்தைத் திறக்கும்போது, ஆப்புகளைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்க்கிறார்கள். நம் வீட்டில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோலத்தான்!

புதிய இயந்திரத்துக்குக் கடும் சோதனை ஒன்று உண்டு. 11,000 வோல்ட் இயந்திரம் என்றால், அதன் சுருளில் 23,000 வோல்ட் ஏற்றுவார்கள். ஒரு நிமிஷம் தாங்கவேண்டும். அந்த 60 வினாடியும் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மூச்சு விடத் தோன்றாது.

எங்கே கிடைக்கிறது?

காக்காப்பொன்னுக்குப் பேர்போன நாடு இந்தியா. ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடி வட்டாரமும், ஆந்திராவில் கூடூர் வட்டாரமும் இதற்குப் பிரசித்தம். கூடூர் 1953 வரை சென்னை ராஜ்யத்தில் இருந்த ஊர். இன்னொரு வேடிக்கை: அரக்கு மிகுதியாகக் கிடைப்பதும் அதே ஜார்க்கண்டில்தான்!

கல்லை ஏடு பிரிப்பது கைவேலை. பெண்கள் கத்தியை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய ஏடுகளாகப் பிரிப்பார்கள். 20 ஏடுகளை அடுக்கினால் அரை மில்லிமீட்டர் கனம்! உலகத்து ஜெனரேட்டர்களில் பல, அந்தப் பெண்களின் விரலை நம்பி ஓடின.

இப்போது சில்லுகளைத் தண்ணீரில் கரைத்துக் காகிதம்போல வார்த்துவிடுகிறார்கள். பெரிய ஏடு தேவையில்லை, சில்லு போதும். அந்தச் சில்லு பெயிண்டுக்கும் போகிறது, முகப்பூச்சுக்கும் போகிறது.

ஜார்க்கண்டில் கைவிட்ட சுரங்கங்களின் குப்பைமேட்டில், குடும்பம் குடும்பமாகச் சில்லு பொறுக்குகிறார்கள். பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளும் கூடையோடு அங்கே நிற்கிறார்கள். மண் சரிந்து பிள்ளைகள் மாண்ட செய்தி 2016-ல் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. பொறுக்கியதை மாலையில் வியாபாரி எடைபோட்டு வாங்கிக்கொள்கிறார். கிலோவுக்குச் சில ரூபாய்!