உழவர் உதவித்தொகை யாருக்கு உரியது?

ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்பது ஒரு குடும்பத்தின் வறுமையைப் போக்கிவிடும் தொகையன்று. எனினும் கேழ்வரகு விதைக்கும் பருவத்தில் கைக்கு வரும் 2,000 ரூபாய், விதைக்கும் உரத்துக்கும் கடன்காரன் வாசலை மிதிக்காமற் காக்கும். தளியிலும் சூளகிரியிலும் அதன் அருமையை அறிந்தோர் பலர். ஆகையால், தகுதியிருந்தும் அதனை இழப்பவர்களைப் பற்றி நாம் இங்கு எழுத முற்பட்டோம்.

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்னும் இத்திட்டம் 1-12-2018 முதல் அமலுக்கு வந்தது. இரண்டு ஹெக்டேர் வரை நிலமுடையோருக்கே முதலில் வழங்கப்பட்டது. 2019 ஜூன் முதல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகளிலே இத்தகைய மானியம் பெரும்பாலும் நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டு அளிக்கப்படுகிறது. நிலம் பெருகினால் பணமும் பெருகும். இங்கோ ஓர் ஏக்கர்க்காரருக்கும் பத்து ஏக்கர்க்காரருக்கும் தொகை ஒன்றே. தறி நெய்யும் அங்கத்தினர் பெயரில் சிறிது சாகுபடி நிலமிருப்பின் அவரும் கேட்கலாம்.

வருமான வரி செலுத்தும் குடும்பத்துக்கு இத்தொகை கிடையாது. ஓசூரில் இவ்விதியே பெருங்குழப்பம் விளைவிக்கிறது. மகன் தொழிற்சாலையில் வேலை பார்த்து வரி கட்டுகிறான்; ஆகவே தமக்கு உரிமையில்லையென்று தந்தை விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார். இது தவறு. திட்டத்தின்படி குடும்பம் என்பது கணவன், மனைவி, வயது வராத மக்கள் ஆகியோர் மட்டுமே. வயது வந்த மகன் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கினாலும், அவன் செலுத்தும் வரி தந்தையின் உரிமையைப் பாதிக்காது. நிலம் மகன் பெயரிலேயே இருந்தால் செய்தி வேறு.

இதனினும் கடுமையானது தேதி விதி. 1-2-2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே கணக்கு. அதன்பின் தந்தை உயிரோடிருக்கையில் நிலம் முழுவதையும் மகனுக்குச் செட்டில்மெண்டு எழுதிக்கொடுத்தால் இருவருக்குமே கிடைக்காது: தந்தைக்கு நிலமில்லை, மகனுக்குத் தேதி பொருந்தவில்லை. பத்திரம் எழுதுவோர் இதனை எடுத்துச் சொல்வதில்லை. உரிமையாளர் இறந்து, வாரிசுரிமையாக வந்த நிலத்துக்கு இத்தடை இல்லை. கணவரை இழந்த பெண்கள் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் காட்டிப் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு விண்ணப்பித்தல் வேண்டும். காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடக்குமாயின், உழுகிறவர் எத்தனை ஆண்டு உழுதும் பயனில்லை.

எல்லைக்கு அப்பால் ஆனேக்கல்லில் உறவினர் 10,000 ரூபாய் வாங்கினாரே என்று கேட்போர் உண்டு. கர்நாடக அரசு 2019 முதல் தன் பங்காக 4,000 ரூபாய் சேர்த்து வழங்கியது. 2023-இல் அது நின்றுவிட்டது. இரு மாநிலத்திலும் நிலமிருந்தாலும் ஒரு குடும்பம் ஓரிடத்தில்தான் பெறலாம்.

ஆதாரும் கைரேகையும் ஏன் இத்தனை முறை கேட்கப்படுகின்றன? 2020-இல் நம் மாநிலத்தில் நிகழ்ந்ததே ஒரு காரணம். விவசாயிகளே நேரிற் பதிவு செய்துகொள்ள அளித்த வசதியைத் தரகர்கள் பயன்படுத்தி, தகுதியற்றோர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவரைச் சேர்த்துவிட்டனர். சுமார் 110 கோடி ரூபாய் தவறான கைகளுக்குப் போயிற்று. பின்னர் அதில் ஒரு பகுதி வங்கிக் கணக்குகளிலிருந்து திரும்பப் பிடிக்கப்பட்டது. அகப்பட்டவர்களுள் ஒன்றுமறியாத ஏழைகளும் இருந்தனர்.

தவணை வரவில்லையென்று வருந்துவோர் தம் மற்றக் கணக்குகளையும் பார்ப்பது நலம். கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்தார்களோ, அதிலே பணம் சேர்ந்திருக்கக்கூடும்.

குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோரை இத்திட்டம் அறவே விட்டுவிட்டது. பெங்களூர்க்காரருக்கு நிலத்தை விற்றபின் அதே நிலத்தை உழுது வருகிறவர் நம்மிடையே உண்டு; அவருக்கு ஒரு காசும் இல்லை. இது பெருங்குறையென்றே நாம் கருதுகிறோம். பயிர்க்காப்பீட்டிலும் பயிர்க்கடனிலும் குத்தகைதாரருக்கு இடமுண்டு. அவ்விரண்டுக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று பெற்று, பருவத் தொடக்கத்திலேயே சங்க அலுவலகத்துக்கு வருதல் வேண்டும்.